ஐந்தாம் நாள் மூட்டம்

மம்பட்டியை ஓங்கிவிட்டாள். இனி அவன் தடுக்க வேண்டும்.

தடுத்தால் திருடன். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

வழிவிட்டான் என்ற அந்த மூட்டக்காரன் தடுக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான்.

கரிமூட்டம் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. வேலிக்கருவை விறகை அடுக்கி, தழை போட்டு மூடி, ஈரமண் பூசித் தீ வைத்து ஐந்து நாள் ஆகிறது. புகை இன்னும் வெள்ளையாகவே வந்தது. அது நீலமானால்தான் கரி வெந்தது என்று அர்த்தம்.

உள்ளே இருப்பது விறகுதான் என்று அவன் சொன்னான். அவள் பார்க்கவில்லை.

பார்த்திருக்கலாம். அடுக்கும்போது வந்து நிற்கச் சொல்லி இரண்டு தடவை போன் செய்தான். அன்றைக்கு அவளுடைய தங்கை மகளுக்கு வளைகாப்பு; போகவில்லை.

முந்தாநாள்தான் கடைத்தெருவில் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. பக்கத்து ஊரில் ஒருவன் மூட்டத்தின் நடுவே மண்ணைக் குவித்து, சுற்றிலும் நாலு விறகைச் சாத்தி, பணம் போட்டவர்களுக்குப் பட்டை நாமம் போட்டுவிட்டானாம். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு லட்சம். மில் விபத்தில் புருஷன் போனதற்கு வந்த பணம். அதை முழுசாகக் கொடுத்துத்தான் வழிவிட்டானின் கரிக் கம்பெனியில் பங்குதாரர் ஆனாள். இந்த மூட்டத்தில் பாதி, நூறு அடி தள்ளிப் புகையும் அடுத்த மூட்டத்தில் பாதி.

‘பங்குதாரர் எந்த நேரமும் சரக்கைப் பார்வையிடலாம்.’ பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. பரமக்குடியில் அதை எழுதியவர் ஏதோ மளிகைக் கடைப் பத்திரத்தைப் பார்த்து வரிக்கு வரி இறக்கிவைத்திருந்தார். இவனும் மாடு மாதிரித் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டான்.

“இன்னும் நாலு நாளு பொறுத்துக்கங்கக்கா. இப்பத் தெறந்தா காத்து பூந்துரும். அம்புட்டும் சாம்பலாப் போயிரும்.”

காலையிலிருந்து இதையே சொன்னான். திருடனும் இதைத்தானே சொல்வான்?

பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அவன் போய் மம்பட்டியை எடுத்து வந்து கொடுத்தான்.

இப்போது அவன் கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தான். பயமா, ஆத்திரமா? அவளுக்குப் பிடிபடவில்லை.

காற்று வேறு எழும்பிக்கொண்டிருந்தது.

கொத்தினாள்.

மண் பொருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு கொத்து. தழை பிய்ந்து, பானை வாய் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

விறகு.

அதுவும் வேரோடு சேர்ந்த தூர்க்கட்டை. நல்ல விலை போகும் தூர்க்கட்டை, நெருக்கி நெருக்கி, கண் எட்டும் ஆழம்வரை அடுக்கியிருந்தது. ஒரு கைப்பிடி மண் இல்லை.

“கட்டைதான் தம்பி! அம்புட்டும் கட்டைதான்!”

சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். புருஷன் போன பிறகு அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

ஓட்டைக்குள் சிவந்தது.

வழிவிட்டான் பாய்ந்து வந்து அவளைப் பின்னால் இழுத்தான். அவள் நின்றிருந்த இடத்துக்குத் தீ வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றியிருந்த மண் பொலபொலவென்று சரிந்தது. சரியச் சரியக் காற்று புகுந்தது.

அவனும் வேலையாட்களும் மண்ணை வாரி எறிந்தார்கள். இருந்த இரண்டு டிரம் தண்ணீரும் தீர்ந்தது. அவளும் வெறுங்கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். வளைகாப்பில் போட்டுவிட்ட கண்ணாடி வளையல் சுட்டது. நிறுத்தவில்லை.

“விடுங்கக்கா. இனி நிக்காது.”

உட்கார்ந்துவிட்டாள். வாய்க்கு வந்தபடி அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டத்தைக் காட்டினான்.

“அதுலயும் உங்க பணம் கெடக்கு. பாக்கணும்னா பாத்துருங்க.”

வேண்டாம் என்று தலையாட்டினாள். வேகவேகமாக ஆட்டினாள். இப்படிப்பட்டவனையா சந்தேகப்பட்டோம் என்று அவமானத்தில் அழுகை முட்டியது.

அவன் எழுந்து போய்விட்டான். அடுத்த மூட்டம் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. அவளால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இதில் விறகு இருந்தது, சரி.

அதில்?