அம்மாதான் வேணும்

“அப்பா, கெதியா வாங்கோ! எங்கட தெருப் பலகையை மிலானோவிலை ஒரு பிள்ளை வாசிக்கிறாள்!”

கேசிகா கத்திய கத்தலில், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பீலிக்ஸ் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடி வந்தார். மேசையில் டப்லெட். திரையில், கேசிகாவின் வயதுதான் இருக்கும், சுருட்டை முடியோடு ஒரு சிறுமி.

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துத் தெருக்கள் சிலவற்றில் பெயர்ப்பலகைகள் இத்தாலியம், ஹீப்ரு, அரபு என்று மூன்று எழுத்திலும் இருக்கும். கேசிகா அதில் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

“வலப்பக்கத்திலையிருந்துதான் வாசிக்க வேணுமாம். நான் இவ்வளவு நாளும் அது வெறும் கோலம் எண்டெல்லோ நினைச்சனான்!”

கேசிகாவின் ஏழாம் வகுப்புக்கும் மிலானோவில் உள்ள ஒரு யூதப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கும் இந்தத் தவணை இணைப்பு. அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று சோடி சேர்த்திருந்தார்கள். பெயர்களைக் கேட்டவுடனேயே, “எனக்குக் கேசிகா” என்று முதலில் கை தூக்கியவள் திரையில் இருக்கும் இந்தத் தமார்தான். அதில் கேசிகாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

“அங்கை எல்லாப் பாடத்திலையும் ஒரே விசயம்தான் அப்பா, ஊரை விட்டு வெளிக்கிடுறது! சரித்திரத்திலை, சிசிலியிலை இருந்த யூத ஆக்களை ராசா கலைச்ச கதை. அவையள் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலைதான் இருந்தவையாம்! பழைய காலத்திலை யூத ஆக்கள் எகிப்திலையிருந்து ஓடேக்கை மா புளிக்கும்வரை நிக்க நேரமில்லைத்தானே, அதாலை விஞ்ஞானத்திலை மா ஏன் புளிக்குது எண்டு செய்து பாக்கினம். கணக்கிலை, சந்திரனை வைச்சுப் பாஸ்காப் பெருநாள் எப்ப வரும் எண்டு கண்டுபிடிக்கிறது. எனக்கு விடை சரியா வந்திட்டுது!”

“வேதாகமத்து விடுதலைப் பயணத்தைக் கணக்கு வாத்தியாரும் படிப்பிக்கிறாரோ!” பீலிக்ஸ் மலைத்துப் போனார்.

“இனி ஒண்டுதான் மிச்சம். ஊரை விட்டு வந்த ஒராளைப் பேட்டி எடுக்கோணும். நாளைக்கு ரெண்டு வகுப்புக்கும் போட்டுக் காட்டோணும்.”

“அதுக்கென்ன, நான் கதைக்கிறன். நானும் மன்னாரை விட்டு வந்தனான்தானே?” பீலிக்ஸ் தலையை வாரிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார்.

தமார் இத்தாலிய மொழியில் பணிவாகச் சொன்னாள்: “மன்னியுங்கள். கேசிகாவின் அம்மாதான் வேண்டும்.”

அப்போதுதான் அமலினி, லிபெர்த்தா வீதியில் எசமானி சின்னோராவின் வீட்டு வேலை முடிந்து, இரண்டு கையிலும் மரக்கறிப் பைகளோடு உள்ளே வந்தாள். விசயத்தைக் கேட்டவுடனே குசினிக்குள் புகுந்துகொண்டாள்.

“எனக்கேலாது. என்ர இத்தாலியனைக் கேட்டுப் பள்ளிக்கூடமே சிரிக்கும்.”

“அம்மா, பிளீஸ் அம்மா!”

“அப்பாவைக் கேக்கச் சொல்லு. நான் சமைக்கோணும்.”

கேசிகா திரைக்குத் திரும்பினாள். “அம்மா வரமாட்டார். அப்பாவோடு செய்வோம்.”

“இல்லை, அம்மாதான்.”

“ஏன்? அப்பா வந்தால் என்ன குறை?” கேசிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பிடிக்காவிட்டால் வேறு சோடி பார்!”

தமாரின் கண்கள் கலங்கின. “கேள்விகூட வேண்டாம், கேசிகா. ஒருமுறை முகத்தைக் காட்டினால் போதும்.” விம்மி அழத் தொடங்கினாள்.

ஒரு பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க அமலினியால் முடியவில்லை. ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, திரையின் முன்னால் அமர்ந்தாள்.

“அழாதையம்மா. கேள், சொல்லுறன்,” என்றாள், தட்டுத்தடுமாறிய இத்தாலியத்தில்.

தமார் திரையை நெருங்கி வந்தாள். அமலினியையே பார்த்தாள். பிறகு, மழலைத் தமிழில் சொன்னாள்:

“அமலி, குஞ்சுக்குப் பசிக்குது.”

அமலினியின் கையிலிருந்த துணி நழுவியது. “ஐயோ, என்ர குஞ்சு! தமாரோ? இவ்வளவு வளந்திட்டியே!”

கேசிகா திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளையும் அப்பாவையும் மன்னாரிலிருந்து கூப்பிடும்வரை அம்மா மிலானோவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை.

“எந்த ஊர்ப் பள்ளி வேண்டும் என்று ஆசிரியை கேட்டபோது, அமலி போன ஊர் என்பதால், பலேர்மோ, பலேர்மோ என்று கத்தியது நான்தான்,” தமார் அழுகையும் சிரிப்புமாக மறுபடி இத்தாலியத்துக்கு மாறினாள். “எனக்கு ஊட்டும்போது, ஒவ்வொரு வாய்க்கும் ‘இது கேசிகாவுக்கு, இது கேசிகாவுக்கு’ என்று சொல்லித்தான் அமலி ஊட்டுவார். உன்னுடைய சோற்றையெல்லாம் நான்தான் சாப்பிட்டேன், கேசிகா!”