இடம் மட்டும்

வெம்பக்கோட்டையில் விக்னேஷ்குமார் தன் செல்போன் கடையைத் திறந்ததுமே மூக்கம்மாள் வந்து போனை நீட்டினாள்.

"நான் இருக்குற இடம் யாருக்கும் தெரியாமப் பண்ணுங்க தம்பி."

அவன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான். "ஒங்க போட்டோ, நம்பரு, பேசுறது எல்லாத்தையும் கண்ட ஆப்பும் எடுத்துக்கிட்டு இருக்குக்கா. மொத்தமா நிப்பாட்டிரவா?"

"அதெல்லாம் எடுத்துட்டுப் போகட்டும். இடத்தை மட்டும் நிப்பாட்டுங்க." அவள் அலுப்போடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்று போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்காரருக்குச் சந்தேகமாக்கா?" என்று தயங்கிக் கேட்டான்.

"அவரு போன வருசம் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்துல போயிட்டாரு. இது மக போட்டுவிட்டது. கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்கா. நானும் அந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் ஊரை விட்டே கிளம்புனா."

அவன் இருப்பிடத்தை அணைத்துப் போனைத் திருப்பித் தந்தான்.

"இப்ப என்ன வேலை பாக்கீகக்கா?"

மூக்கம்மாள் எழுந்து தெருவை எட்டிப் பார்த்தாள். கடை வாசலில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது.

"டவர் கிடைக்கலைன்னு சொல்லிக்கிறேன் தம்பி. தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வந்துருவா," என்று சொல்லிவிட்டு அதில் ஏறினாள்.