இரண்டாவது திரை

திருவொற்றியூர்க் கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் கன்னியம்மாவுக்கு ஒரே ஒரு கணினித் திரை. எடைமேடை, சுங்கம், கப்பல் அட்டவணை, நுழைவுச் சீட்டு என நான்கு சாளரங்கள் அதில் ஒன்றையொன்று மறைத்துக் கிடக்கும். அவற்றை மாற்றி மாற்றிப் புரட்டியே கண்ணும் கழுத்தும் ஓய்ந்துபோயின. இன்னொரு திரை கேட்டு மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் பயனில்லை.

"இன்னாக்கா, பேஜாரா ஒக்காந்துகினு கீற? தள்ளு, ஒரு சாஃப்ட்வேர் போட்டு வுடறேன்" என்றாள் பக்கத்து மேசை மதி. வெள்ளிதோறும் தன் திரையின் நெற்றியில் குங்குமம் இட்ட பிறகே வேலையைத் தொடுபவள் அவள்.

போட்டதும், கோயிலில் நால்வர் நிற்பதுபோல் நான்கு சாளரங்களும் அருகருகே வந்து நின்றன.

"அடிப்பாவி, இத்தினி நாளு இத்த எங்கடி வெச்சிருந்த?"

"டீ வாங்கிக் குடு, சொல்றேன்."

அன்று முதல் கன்னியம்மாவின் வேலை நான்கு மணிக்கே முடிந்தது. மேலாளர் ஒருநாள் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு மானிட்டர் குடுத்தா?"

"குடு சார்! ரெண்டு மடங்கு வேலை பாக்கறேன்" என்றாள், மகிழ்ச்சி தாங்காமல்.

திங்கட்கிழமை காலை அவள் மேசையில் இரண்டாவது திரை இருந்தது. ஆசையோடு அதன் விளிம்பைத் துடைத்தாள். விரலில் குங்குமம் ஒட்டியது.

திரும்பிப் பார்த்தாள். மதியின் மேசையில் திரையும் இல்லை, அருகே நாற்காலியும் இல்லை.

அந்தப் பக்கம் மறுபடி திரும்பக் கன்னியம்மாவின் கழுத்து மறுத்துவிட்டது.