காது கொடுத்தவள்

அந்த அம்மா துணிக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் போதும், மைனா கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவரிடம் ஓடுவாள்.

"வாங்கம்மா. உங்களைத்தான் நினைச்சிட்டிருந்தேன். பிரார்த்தனையைப் பத்திப் பாதி சொல்லிட்டுப் போயிட்டீங்களே."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். மைனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். மைனா கண்ணை மூடித் தலையாட்டுவாள். சில நாள் கன்னத்தில் கண்ணீரே வழியும்.

மைனா என்பது கடையில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர். வாய் ஓயாது. அவளிடம் திரைச்சீலை கேட்டு வருகிறவர்கள் தங்கள் வீட்டுச் சண்டையையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

பக்கத்தில் போர்வைப் பிரிவில் நின்ற சின்னவளுக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

சின்னவள் பிரசவத்துக்கு விடுப்பில் போய், வெறும் கையோடு வேலைக்குத் திரும்பியவள். பெண் குழந்தை. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. முன்பு அவள் நின்றது குழந்தைகள் உடுப்புப் பிரிவில். "அங்கே மட்டும் வேண்டாம் சார்" என்று அழுததால், மேனேஜர் அவளைப் போர்வைப் பக்கம் மாற்றிவிட்டார்.

திரும்பி வந்த புதிதில் அந்த அம்மா அவளைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"ஆளையே காணோமே. என்ன குழந்தை?"

பொய் சொல்லத் தோன்றாமல் சின்னவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"கடவுள் சும்மா எடுத்துக்க மாட்டார்மா. நீ என்ன குறை வெச்சேன்னு யோசிச்சுப் பாரு. ஒழுங்கா பிரார்த்தனை பண்ணியிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

மடித்துக்கொண்டிருந்த போர்வைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது. "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு சாப்பிடவில்லை. கணவன் கேட்டதற்கும் காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மைனா இப்படி முந்திக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

பெரிய வீட்டு அம்மா. வந்தால் கை நிறைய வாங்குகிறவர். "வாடிக்கையாளரை எப்படிக் கவனிக்கணும்னு மைனாகிட்ட கத்துக்குங்க" என்று மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். இதற்குத்தானா இத்தனை நடிப்பு என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மதியம், சரக்கு அறையில் பெட்டிகளுக்கு நடுவே இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டாள்.

"அக்கா, அந்தம்மா சொல்றதை எல்லாம் நிஜமாவே நம்புறீங்களா?"

"எனக்கு அதெல்லாம் விட்டுப்போய் எவ்வளவோ நாளாச்சுடி." மைனா சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தாள். "அவங்க பேசினா பேசிட்டுப் போறாங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்பாமலே கண்ணீர் விடுறீங்க. நல்லா இருக்குக்கா. பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நின்னாத்தான் தெரியும், அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும்னு. உங்களுக்கு அது வியாபாரம்."

மைனா டப்பாவை மூடினாள். "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனவள், வேலை நேரம் தொடங்கிய பிறகுதான் வந்தாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அப்போதும் அந்த அம்மா வந்தால் மைனாதான் ஓடினாள்.

சில நாள் கழித்து மைனா காய்ச்சல் என்று வரவில்லை. அன்று பார்த்து அந்த அம்மா வந்தார். திரைச்சீலைப் பக்கம் ஆளில்லை என்றதும் நேராகப் போர்வைப் பிரிவுக்கு வந்து நின்றார்.

"நீ இன்னும் மனசு மாறலையாம்மா? உன் குழந்தை போனதுக்கு..."

"அம்மா." சின்னவள் குறுக்கிட்டாள். "போர்வை எது வேணும்னு கேளுங்க, எத்தனை வேணும்னாலும் பிரிச்சுக் காட்டுறேன். என் குழந்தையைப் பத்தி மட்டும் பேசாதீங்க."

மேனேஜர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்றோடு வேலை போய்விடும் என்றுதான் சின்னவள் நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் இருந்தது.

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. "நல்லதைச் சொன்னா உனக்குக் கோபம் வருது. அந்தத் திரைச்சீலைப் பொண்ணைப் பாரு. பள்ளிக்கூடம் போயிட்டிருந்த பையனைத் தூக்கிக் கொடுத்தவ. நீ செஞ்ச பாவம்தான்னு அவ மூஞ்சிக்கு நேராவே நான் சொல்றேன். ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருப்பாளா?"

"யாரு... மைனா அக்காவா?"

"இங்கே ஒருத்தருக்கும் தெரியாதாமே. எங்கிட்ட அவளாவே வந்து சொன்னா."

சின்னவளின் கையிலிருந்த போர்வை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றாமல் நின்றாள்.

அந்த அம்மா போகத் திரும்பியவர், இதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"அவளுக்கு இருக்கிற பக்தி உனக்கெல்லாம் எங்கே வரப் போகுது? 'அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட போகாதீங்கம்மா, அவளுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து எனக்கே சொல்லிடுங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாளே."