குறையில்லாத ஹாஸ்டல்

“இந்த ரூமுக்கு என்ன குறைச்சல்? அதையாவது சொல்லிட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லு” என்றார் அப்பா.

மகள் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். குறை என்று எதுவும் அகப்படவில்லை.

“சுவரோட கலர் ஒரு மாதிரி இருக்குப்பா.”

“அது வெள்ளைடி!” என்றாள் அம்மா. “வெள்ளையில என்னடி ஒரு மாதிரி?”

ஹாஸ்டல் வார்டன் சாவிக்கொத்துடன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கல்லூரி திறக்கும் சமயத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். வழக்கமாக அம்மாக்கள் பாத்ரூமைக் குறை சொல்வார்கள், அப்பாக்கள் கட்டணத்தை. இவர்கள் எப்போதடா கிளம்புவார்கள் என்று பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

“இது ஏழாவது ஹாஸ்டல் மேடம்” என்று அப்பா அவரிடம் முறையிட்டார். “ஒரு இடத்துல ஃபேன் சத்தம் போடுதுன்னா. சரின்னு வந்துட்டோம். அடுத்த இடத்துல ஃபேன் சத்தமே இல்ல, தூக்கம் வராதுங்கறா. திங்கட்கிழமை காலேஜ் திறக்குது. எங்க வீட்டுலேருந்து இங்க வர ரெண்டு மணி நேரம் ஆகுது. இன்னிக்கு முடிவு பண்ணலேன்னா இவ பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும்.”

“நேத்து பூனை இருக்குன்னு ஒரு ஹாஸ்டலை வேண்டாம்னுட்டா” என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். “அந்தப் பூனை என்னடான்னா இவர் பின்னாடியே வந்து கார்ல ஏறிக்கிச்சு.”

“இறங்கவே மாட்டேன்னுடுச்சு மேடம்.”

“நீங்க அதுகிட்ட ‘கொஞ்சம் இறங்குங்க’ன்னு மரியாதையா கெஞ்சினதையும் சொல்லுங்களேன்.”

“யாரோட பூனையோ! பின்னே எப்படிப் பேசறது?”

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். மகள் மட்டும் சிரிக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வார்டனுக்கும் இடத்தைத் தள்ளிவிடும் அவசரம் இருந்தது. இரண்டாவது மாடியில் பாதி அறைகள் காலி. காலையில்தான் முதலாளி போனில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் கீழே போய் சமையலறையைப் பாருங்க. டீ போடச் சொல்லியிருக்கேன். பொண்ணுகிட்ட நான் பேசிப் பார்க்கறேன்.”

அவர்கள் படியிறங்கிப் போனதும் வார்டன் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லும்மா. யாராவது பையன் விஷயமா?”

“ச்சே, அதெல்லாம் இல்ல மேடம்.”

“வீட்டை விட்டு இருக்க பயமா?”

“ஸ்கூல்ல எந்த டூர்னாலும் முதல் ஆளா பேர் கொடுத்தவ நான்.”

“அப்ப காலேஜ் பிடிக்கலையா?”

“நானே அடம்பிடிச்சு வாங்கின சீட்டு மேடம் இது.”

“பின்னே என்னதான் உனக்குப் பிரச்சினை? இதைவிட நல்ல ஹாஸ்டல் இந்த ஊர்ல கிடைக்காது. எங்க ஹாஸ்டல்ங்கறதுக்காகச் சொல்லல.”

“தெரியும் மேடம். உள்ளே வரும்போதே தெரிஞ்சுபோச்சு. அதான் பயமா இருக்கு.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நான் ஹாஸ்டல்ல சேர்ந்த மறுநாளே அவங்க ரெண்டு பேரும் வீட்டைக் காலி பண்றாங்க. அம்மா ஒரு வீடு, அப்பா ஒரு வீடு. வக்கீலைக்கூட பார்த்தாச்சு. எனக்கு ஒரு இடம் அமையற வரைக்கும்தான் ஒண்ணா இருக்கறதுன்னு பேச்சு. ரெண்டு வருஷமா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினதில்ல மேடம். இப்ப ஹாஸ்டல் தேட ஆரம்பிச்சப்புறம்தான்...”

கீழேயிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. அதைத் தொடர்ந்து அப்பாவின் குரல்.

“...என்னைத் திட்டறதுக்காகவாவது பேசிக்கறாங்க.”

வார்டன் கையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“பரவாயில்ல மேடம். எனக்கும் சாக்கெல்லாம் தீர்ந்துபோச்சு. எத்தனை நாள்தான் இழுக்க முடியும்?”

அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். ஏதோ பேசிக்கொண்டே வந்தவர்கள் அறைக்குள் நுழைந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“எனக்கு ஓகேப்பா” என்றாள் மகள். “ஒரு குறையும் இல்ல. இங்கேயே சேர்ந்துக்கறேன்.”

அப்பாவின் முகம் மலரும் என்று வார்டன் எதிர்பார்த்தார். அது மலரவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, எதையும் எடுக்காமல் மறுபடி மூடினாள்.

“எதுக்கு இவ்வளவு அவசரம்?” என்றார் அப்பா. “டீ வாயில வைக்க விளங்கல. டீயே இந்த லட்சணம்னா சாப்பாடு எப்படி இருக்கும்? படி வேற செங்குத்தா இருக்கு. தினமும் ஏறி இறங்கினா உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“அப்பா, திங்கட்கிழமை காலேஜ்!”

“திறக்கட்டுமே. நல்லதா ஒண்ணு அமையற வரைக்கும் தினமும் நானே கார்ல கொண்டுவந்து விடறேன்.”

“காலங்காத்தால வண்டி ஓட்டினா நீங்க தூங்கி வழிவீங்க” என்றாள் அம்மா. “பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே வர ஒரு ஆள் வேணும். நானும் வரேன்.”