மைதானமே பாடிய வரி

'உப்புக்காத்து' குழுவின் கச்சேரியைப் பதினைந்து வயது ஜெனிலா நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. வாசலில் கொடுத்த இயர்போனை எல்லோரையும்போல மாட்டிக்கொண்டாள். எடுத்த எடுப்பிலேயே அவள் உயிரை விடும் படகுப் பாட்டு. பல்லவியில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். இந்த ஒரு வரிக்காகத்தான் வீட்டில் தொண்டை கட்டும்வரை பாடிப் பழகியிருந்தாள். பாடினாள். மைதானமே அவளோடு சேர்ந்து பாடியது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளத் திரும்பினாள். அந்தப் பெண்ணின் உதடுகள் வேறெதையோ பாடிக்கொண்டிருந்தன.

"யக்கா, ஒங்களுக்குப் படகுப் பாட்டு ஓடலையா?"

அந்தப் பெண் இயர்போனை ஒரு காதில் மட்டும் விலக்கினாள். "அவங்கவங்களுக்குப் புடிச்சதுதான ஓடும்? ஒனக்கு மொத தடவையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஜெனிலா மறுபடி பாடத் தொடங்கி, பாதி வரியில் வாயை மூடினாள். மறுகணமே காதுக்குள் அவ்வளவு பெரிய கூட்டமும் வாயை மூடிக்கொண்டது.