சங்கத்துக் கோட்டு

ரஷ்ய இலக்கிய நட்புறவுச் சங்கத்துக்கு ஒரே ஒரு கம்பளிக் கோட்டுதான் இருந்தது. வெயிலைத் தவிர வேறெதுவும் அறியாத ஊர் அது. தூதுக்குழுவில் மாஸ்கோ போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார், திரும்பியதும் பழையபடி ஆணியில் மாட்டிவிடுவார். மொழிபெயர்ப்பாளர் ஞானசிகாமணி போனபோது கோட்டு மட்டும் பார்சலில் திரும்பி வந்தது. கோட்டுக்கு ரசீது இருந்தது. ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

சங்கத்தைக் கலைத்த அன்று செயலாளர் சுந்தரவடிவேல் ஞானசிகாமணியின் மனைவி எஸ்தரை வரவழைத்தார். வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. உள்ளே, ஆணியில் தொங்கிய கோட்டின் மேல் பனி விழுந்திருந்தது.

"தொடைச்சாலும் மறுபடி விழுதும்மா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருஷம் இருந்துட்டேன்."

"அப்ப எங்கயோ நடந்துக்கிட்டுதான் இருக்காரு" என்றாள் எஸ்தர். பனியைத் தட்டிவிட ஆசையாகக் கை நீட்டினாள். வலது தோளில் விரல் புதைந்தது. இடது தோளைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அங்கே பொட்டுப் பனி இல்லை. தலை வைத்து எழுந்த தலையணைபோலத் துணி குழிந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"தோழர், இந்தப் பக்கம் சாஞ்சிருக்கிறது யாரு?"